தின்னர் மணமும் வயிற்றுப் பிள்ளையும்

புதுக்குடியிருப்பை அண்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கி இங்கே தருகிறேன்.

அவருக்கு 28 வயது. நான்கரை மாதக் கர்ப்பிணி; மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான். கணவர் வீட்டு வளவிலேயே தகரக் கொட்டில் போட்டுத் தளபாடப் பட்டறை நடத்துகிறார். முதிரையிலும் தேக்கிலும் கட்டில், அலுமாரி, கதவு நிலை செய்து, மரத்துக்குப் பூசும் சீலர், லாக்கர் என்னும் மெருகுப் பூச்சுகளை ஸ்பிறே அடித்துக் கொடுப்பது தொழில். வேலை முடிந்த பிறகு பிரஷ்களையும் ஸ்பிறே கன்னையும், பூச்சைக் கரைக்கும் தின்னரில் கழுவி வைப்பது இந்தச் சகோதரியின் பொறுப்பு. மாரி தொடங்கினால் தூவானம் படாமலிருக்கக் கொட்டிலைச் சுற்றித் தறப்பாளை இறக்கிவிடுகிறார்கள். அதற்குள் நிலத்தில் குந்தியிருந்துதான் கழுவுகிறார். மாலையில் தலையிடியும் வயிற்றுப் பிரட்டலும் வருகின்றன. பட்டறை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவை இல்லை. தினமும் ஒரு கிளாஸ் பால் குடித்தால் தின்னர் ஒன்றும் செய்யாது என்று மாமியார் சொல்கிறார். இதுவும் மண்ணெண்ணெய் மாதிரித்தான், தனக்கு மணமே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது என்று கணவர் சொல்கிறார். ஆனால் அந்தக் கணவரே இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, சொன்னதை மறந்துவிடுகிறார், சட்டென்று கோபப்படுகிறார். கழுவிய தின்னர் கிணற்றடி வாழைப் பாத்தியில் ஊற்றப்படுகிறது. 17 வயதுத் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வர நிற்கிறான். ‘பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா, சிறுநீர் சோதித்தால் தெரியுமா, புற்றுநோய் வருமா, மாஸ்க் போட்டால் போதாதா’ என்று கேட்டுவிட்டு, ‘தொழிலை விடச் சொல்லிவிடாதீர்கள் ஐயா, எங்களுக்கு வேறு வழியில்லை’ என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, தொழிலை விடச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. ஆனால் தின்னரில் கழுவும் வேலையை நீங்கள் இன்றோடு விட வேண்டும். பிள்ளைக்குக் கேடு நடந்துவிட்டது என்ற முடிவில் இதைச் சொல்லவில்லை. அப்படி நினைப்பதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவுமில்லை. உங்கள் வீட்டில் தின்னர் ஆவியை அதிகமாகச் சுவாசிக்கும் இடம் ஸ்பிறே அடிக்கும் இடம் என்று எல்லோரும் எண்ணியிருப்பீர்கள். தறப்பாள் இறக்கிய கொட்டிலில், நிலத்தில், திறந்த தகரத்துக்கு மேலே குனிந்திருக்கும் உங்கள் இடமும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அதை விளங்கிக்கொள்ள அந்தத் திரவத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருப்பது நல்லது.

தின்னரின் குணம்

கடையில் தின்னர் என்று விற்கப்படுவது ஒரு தனிப் பொருள் அல்ல. லாக்கருக்குப் பாவிக்கும் தின்னரில் வழக்கமாகத் தொலுயீன் கணிசமான அளவிலும், அதனுடன் அசற்றேற்று வகைகள், அசற்றோன், மதுசாரம் போன்றவை வெவ்வேறு விகிதத்திலும் கலந்திருக்கும். தொலுயீன் பெற்றோலிய எண்ணெயிலிருந்து பெறப்படும் ஓர் ஐதரோக்காபன். பெயின்ற், பசை, அச்சு மை, றப்பர் என்று பல தொழில்களுக்கு அது இன்றியமையாதது; பிசினையும் கொழுப்பையும் விரைவாகக் கரைக்கும், பிறகு தானாக ஆவியாகிப் போய்விடும் என்பதுதான் அதன் பெறுமதி. அதே குணம்தான் அதன் ஆபத்தும். மரத்தில் அடித்த தின்னரில் ஏறக்குறைய எல்லாமே சிறிது நேரத்தில் காற்றுக்குப் போகிறது. அந்தக் காற்று கொட்டிலை விட்டு வெளியேற வழியில்லாவிட்டால் அங்கே நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது, நெஞ்சிலிருந்து இரத்தத்துக்கும், கொழுப்பு நிறைந்த மூளைக்கும் போகிறது.

தொலுயீனின் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பாரமானது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது மேலே எழும்பிக் கூரை இடுக்கால் போய்விடாது. ஊற்றிய இடத்தைச் சுற்றித் தாழ்வாகத் தங்கும். கணவர் நின்றுகொண்டு வேலை செய்கிறார், நீங்கள் நிலத்தில் இருக்கிறீர்கள். உங்களைப் பார்க்க ஓடிவரும் மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கோ உங்களுடையதைவிடவும் கீழே இருக்கிறது. கொட்டில் நாலு பக்கமும் திறந்ததுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். கோடையில் அது உண்மை. தறப்பாள் இறங்கிய நாட்களில் அது ஒரு பூட்டிய அறை.

மணம் தெரியாமல் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலுயீனின் மணம் மிகக் குறைந்த அளவிலேயே மூக்கில் படும். ஆகவே மணத்தது என்பதற்காக உடனே பயப்படத் தேவையில்லை. ஆனால் தொடர்ந்து அதற்குள்ளேயே நிற்பவரின் மூக்கு சிறிது நேரத்தில் சோர்ந்து, மணத்தை அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. மூக்கு களைத்துப்போனதைத்தான் உடம்பு பழகிவிட்டது என்று உங்கள் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாளுக்கு எட்டு மணிநேர வேலைக்குக் காற்றில் தொலுயீன் மில்லியன் பங்குக்கு 20 பங்கைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிபுணர்களின் அமைப்பு தரும் வரம்பு. மூடிய கொட்டிலில் லாக்கர் அடிக்கும்போது இந்த வரம்பு எளிதாகத் தாண்டப்படும். 500 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தாகக் கருதப்படும் அளவு.

பால் விடயத்தில் மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். கர்ப்பிணிக்குப் பால் நல்லதுதான். ஆனால் தின்னர் உடம்புக்குள் வருவது மூச்சு வழியாக. வயிற்றுக்குள் போன பால் நுரையீரலைக் காப்பாற்றாது. வாழைப்பழமும் சர்க்கரையும் அப்படியே.

வயிற்றிலுள்ள பிள்ளை

தொலுயீன் நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளையை அடையக்கூடியது. போதைக்காகப் பசையையும் தின்னரையும் வேண்டுமென்றே உறிஞ்சிய கர்ப்பிணிகளின் பிள்ளைகளிடம் நிறைகுறைவு, சிறிய தலை, முக அமைப்பில் வேறுபாடு, வளர்ச்சி தாமதம் ஆகியவை காணப்பட்டிருக்கின்றன. அந்தப் பெண்கள் சுவாசித்த அளவு, பட்டறையில் வேலை செய்பவர் சுவாசிக்கும் அளவைவிடப் பல மடங்கு பெரியது. இணையத்தில் தேடினால் அந்தப் படங்கள்தான் முதலில் வரும். நீங்களும் அவற்றைப் பார்த்துத்தான் நித்திரையில்லாமல் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். உங்களுடைய நிலைமை அதுவல்ல. உங்களுக்குக் கிட்டிய உதாரணம் வேறு. சிங்கப்பூரில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சராசரியாக மில்லியனில் 88 பங்கு தொலுயீன் கலந்த காற்றில் வேலை செய்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக 1992 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே ஆய்வை வைத்து எதையும் முடித்துவிட முடியாது. ஆனாலும் கர்ப்ப காலத்தில் இந்த வேலையிலிருந்து ஒதுங்கியிருக்க அது போதிய காரணம்.

ஒதுங்கினால் பயன் உடனடியாகக் கிடைக்கும் என்பது இதில் ஆறுதலான விடயம். தொலுயீன் ஈயம் போல உடம்பில் ஆண்டுக்கணக்காகத் தங்குவதில்லை. ஈரல் அதை மாற்றி, பெரும்பகுதியைச் சிறுநீரில் ஓரிரு நாட்களுக்குள் வெளியேற்றிவிடும். சிறுநீர்ச் சோதனை உங்களுக்கு அதிகம் உதவாததற்கும் இதுவே காரணம். ஈரல் தொலுயீனை மாற்றும்போது உண்டாகும் இப்பூரிக் அமிலத்தைத்தான் சோதிப்பார்கள்; அது சோடாவிலும் ஜாமிலும் சேர்க்கும் பாதுகாப்புப் பொருளாலும் சிறுநீரில் கூடும். சோதனை கடந்த காலத்தையும் காட்டாது, பிள்ளையின் நிலையையும் காட்டாது. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் பட்டறை வேலையைப் பற்றி நீங்களாகச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். 18 இலிருந்து 22 வாரத்துக்குள் செய்யும் ஸ்கானைத் தவறவிடாதீர்கள். உங்கள் தலையிடி ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லாதிருப்பது தின்னரைத்தான் சுட்டுகிறது. ஆனால் கொட்டிலை விட்டு விலகி ஒரு வாரமாகியும் தலையிடி தொடர்ந்தால், அல்லது கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவற்றோடு வந்தால், தின்னரின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு வரும் கடும் தலையிடி இரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குருதிச்சோகையும் தலையிடி தரும். ஈமோகுளோபின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு பட்டறைக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். பால் வழியாகப் போகக்கூடிய சிறு அளவைவிட, தொட்டிலைக் கொட்டிலுக்கு அருகில் கட்டுவதால் பிள்ளை சுவாசிக்கும் காற்றுத்தான் கவனிக்க வேண்டியது.

கணவருடைய காதும் கோபமும்

இதை நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் உறுத்துவது அந்த வரிதான். தின்னர் போன்ற கரைப்பான்களை நீண்ட காலம் சுவாசித்தவர்களிடம் மறதி, கவனம் சிதறுதல், எரிச்சல் ஆகியவை மெல்ல மெல்ல வருவதுண்டு. அதை ஒரு நோயென்று நினையாமல் குணம் மாறிவிட்டது என்று வீட்டார் குறைப்படுவதும் வழமை. கூப்பிட்டால் திரும்பாதது அலட்சியத்தால் அல்லாமலும் இருக்கலாம். தொலுயீன் உட்காதைப் பாதிக்கக்கூடியது. வாள், இழைப்பு மெசின், கொம்பிறசர் இரைச்சலும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு இன்னும் கூடுகிறது. இழந்த கேட்கும் திறன் திரும்பி வராது, மேலும் இழக்காமல் தடுக்கலாம். கிளிநொச்சி அல்லது வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, செவிப் பரிசோதனைக்கு ஒழுங்குசெய்யச் சொல்லிக் கேளுங்கள். மறதிக்கும் கோபத்துக்கும் நித்திரைக் குறைவு, கடன், நீரிழிவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் பார்க்கட்டும். பட்டறை முடிந்ததும் சாராயம் எடுக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் இதையும் சொல்லுங்கள்: மதுசாரம் உடம்பிலிருந்து தொலுயீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும்.

கையில் வெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தின்னரில் கை கழுவுவதால் தோலின் எண்ணெய் கரைந்துபோவதே காரணம். அதற்குப் பதிலாகப் பெற்றோலில் கழுவுவதாகச் சொல்வது அதைவிட மோசம். பெற்றோலில் பென்சீன் உண்டு, பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். கையிலுள்ள லாக்கரைத் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் நேரம் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான்.

புற்றுநோயைப் பற்றிக் கேட்டீர்கள். தொலுயீனைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1999 இல் மூன்றாம் பிரிவில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அதன் பொருள். பெயின்ற் அடிக்கும் தொழிலை முழுமையாக எடுத்துக்கொண்டால் அதே முகவரகம் அதை முதற்பிரிவில் சேர்த்திருக்கிறது. நீங்கள் கேட்காத இன்னொன்றும் முதற்பிரிவில் இருக்கிறது: மரத்தூள். 1995 இலிருந்தே அது அந்தப் பட்டியலில் உள்ளது. மூக்கு, மூக்கருகுக் குழிப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. தின்னர் மணப்பதால் அதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் முதிரைத் தூளுக்கு ஒருவரும் பயப்படுவதில்லை. தூள் வேலைக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் உண்மையிலேயே உதவும்.

ஆவிக்கு அந்த மாஸ்க் உதவாது. துணி மாஸ்க்கும் வைத்தியசாலை மாஸ்க்கும் தூளையும் துளியையும் மறிக்கும், ஆவி அவற்றுக்குள்ளால் போய்விடும். ஸ்பிறே அடிப்பவருக்குத் தேவையானது சேதன ஆவிக்குரிய கரி வடிகட்டி பூட்டிய றப்பர் முகமூடி. அதற்கு முன்னால் துளிகளை மறிக்கும் வடிகட்டியும் இருக்க வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தில் சரியாகப் பொருந்தாது. கரி நிரம்பியதும் வடிகட்டி பயனற்றுப் போகும். பாவிக்காத நேரத்தில் திறந்து தொங்கவிட்டால் சும்மா இருந்தே நிரம்பிவிடும், காற்றுப் புகாத பெட்டியில் மூடி வைக்க வேண்டும். இந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் கழுவலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில்.

நெருப்பு, சோடாப் போத்தல், கிணறு

தின்னர் மண்ணெண்ணெய் மாதிரி அல்ல. மண்ணெண்ணெயின் மேல் தீப்பற்றக்கூடிய ஆவி உருவாக அது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். தொலுயீனுக்கு 4 பாகை போதும். வன்னியில் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் திறந்தாலும் அதன் மேல் எரியக்கூடிய ஆவி இருக்கும் என்பதே இதன் அர்த்தம். காற்றில் 1.1 வீதம் கலந்திருந்தாலே அது பற்றும். பாரமான அந்த ஆவி நிலத்தோடு தவழ்ந்துபோய்த் தூரத்து நெருப்பைத் தொட்டு, வந்த வழியே திரும்பி எரியக்கூடியது. உங்கள் விறகடுப்பு கொட்டிலின் ஓரத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைக் கடிதத்தில் வாசித்தபோது எனக்குப் பிள்ளைத் தாய்ச்சியைவிட முழு வீட்டையும் பற்றிய யோசனைதான் வந்தது. அடுப்போ ஸ்பிறே அடிக்கும் இடமோ, இரண்டில் ஒன்றை இடம் மாற்றுங்கள். ஸ்பிறே அடிக்கும்போது பீடி, சிகரெட், வெல்டிங், சாதாரண மின்விசிறி எதுவும் அந்த ஆவிக்குள் இருக்கக்கூடாது. விசிறி வைக்க விரும்பினால், சுத்தமான காற்று வரும் பக்கத்தில், கொட்டிலுக்கு வெளியே வைத்து உள்ளே காற்று வீசச் செய்யலாம்.

பெரிய கானிலிருந்து சோடாப் போத்தலுக்கு ஊற்றி வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பது சோடாதான். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், எண்ணெய் பருக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரும். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, அந்தத் தின்னர் கானையும் கையோடு கொண்டு போங்கள்.

கழுவிய தின்னரைக் கிணற்றடியில் ஊற்றுவதும் நிற்க வேண்டும். மூடியுள்ள தகரத்தில் விட்டால் ஓரிரு நாளில் கசடு அடியில் படியும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த நாள் முதற் கழுவலுக்குப் பாவிக்கலாம், செலவும் குறையும். மிஞ்சும் கசட்டை எப்படி அகற்றுவது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குடிநீரில் தொலுயீன் லீற்றருக்கு 0.7 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. அதற்கு வெகு முன்பே தண்ணீரில் மணம் தெரிந்துவிடும். உங்கள் வீட்டு மூக்குகளை இதற்கு நம்ப வேண்டாம், பட்டறைப் பக்கம் வராத ஒருவரைக் கொண்டு கிணற்றுத் தண்ணீரை மணந்து பார்க்கச் சொல்லுங்கள். மணம் இருந்தால் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல், சோதனைக்கு ஒழுங்குசெய்ய வேண்டும். வன்னியில் சிறுநீரக நோய் பற்றிய பயம் எல்லார் மனதிலும் இருப்பதால் அதையும் கேட்டிருக்கிறீர்கள். அந்த நோய்க்குத் தின்னர்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

கொட்டிலை மாற்றுவது

உங்கள் வளவு பெரியது என்று தெரிகிறது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், ஆகவே அக்காலத்தில் ஸ்பிறே வேலை வீட்டுக்கு வடகிழக்கே நடக்கட்டும். வாடைக் காலத்தில் அதற்கு எதிர்ப்புறம். மழை நாட்களில் கூரை மட்டும் வைத்து, காற்று வரும் பக்கத்துத் தறப்பாளை மட்டும் இறக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். நாலு பக்கமும் மூட வேண்டிய அளவுக்கு மழை பெய்யும் நாளில் லாக்கர் அடிக்காமல் அறுக்கும், பொருத்தும் வேலைகளைச் செய்யலாம். ஈரக்காற்றில் அடித்த லாக்கர் வெண்பூத்துப் போகும் என்பது உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தின்னர் துடைத்த பழந்துணிகளை மூலையில் குவிக்காமல் மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் வகை லாக்கர் எடுத்தால், அதன் ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) இழுப்பு நோயை உண்டாக்கக்கூடியது. அதற்கு இந்த முகமூடி போதும் என்று எண்ண வேண்டாம்.

தம்பியும் சம்பளத்துக்கு நிற்பவர்களும்

18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவது இலங்கைச் சட்டப்படி தடை. சொந்தத் தம்பி, தொழில் பழக வந்தவன், சம்பளம் வாங்காதவன் என்பவையெல்லாம் அவனுடைய மூளையின் முன் செல்லாத நியாயங்கள். தொழில் பழகத்தான் வேண்டுமென்றால் அந்த வயது ஆகும்வரை அளவெடுப்பதும் வரைபடமும் கணக்கும் பழகட்டும், வாளுக்கும் ஸ்பிறேக்கும் கிட்டப் போக வேண்டாம். கணவரிடம் சம்பளத்துக்கு நிற்கும் இருவரைப் பற்றியும் ஒரு சொல்: வேலையால் அவர்களுக்கு நோயோ காயமோ வந்தால் 1934 ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் அவர்கள் கேட்கும் நட்டஈட்டுக்குத் தொழில்தருநராகப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். தொழில் திணைக்களத்துக்குத் தெரிந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவார்களா என்று பயந்திருக்கிறீர்கள். பட்டறையைப் பதிய வேண்டுமா என்று நீங்களாகப் போய்க் கேட்பவர்களை அவர்கள் பெரும்பாலும் திருத்தங்களைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஒரு நெருப்பு விபத்துக்குப் பிறகு அவர்களாக வரும்போது பேச்சு வேறாக இருக்கும்.

கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உங்கள் தலையிடியைப் பற்றித் தொடங்காதீர்கள். அதை அவர் கர்ப்பத் தலையிடி என்பார். முதலில் செவிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வரைபடத்தில் தன் காதின் நிலையைப் பார்த்த தச்சர்கள் பலர், மனைவி சொல்லிக் கேளாததை அங்கே கேட்டிருக்கிறார்கள்.